ஒயர் யார் பங்கு?

குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸைப் பேர் சொல்லிக் கேட்டால் அந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கே தெரியாது. மிளகாய் சிஸ்டர் என்றால் உடனே கையைக் காட்டுவார். முகத்துக்கு நேரே பெரிய சிஸ்டர், முதுகுக்குப் பின்னால் மிளகாய். அவளுக்கும் அது தெரியும். கோபம் அவளுக்கு மூக்குக்கு மேல் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் எதற்கெல்லாம் கோபப்பட்டாள் என்று பார்த்தால், மற்றவர்களுக்கு எப்படிக் கோபம் வராமல் இருந்தது என்றுதான் கேட்கத் தோன்றும்.

அந்தக் கோபத்துக்கு வயது அதிகம். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவும் பெரியப்பாவும் வீட்டைப் பாகம் பிரித்தார்கள். மாடி அப்பாவுக்கு வந்தது. மாடிக்குப் போகிற படி பெரியப்பாவுக்குப் போனது. உட்கார்ந்து பிரித்துக் கொடுத்த பெரிய மனிதர்கள் யாருக்கும் இதில் ஒரு கோளாறும் தெரியவில்லை, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாளே பெரியப்பா படிக்குக் கதவு வைத்துப் பூட்டினார். அப்பாவுக்குச் சண்டை போட வராது. வெளிச்சுவரில் ஒரு ஏணியைச் சாய்த்துவைத்தார், அவ்வளவுதான் அவர் வீரம். அம்மா கைக்குழந்தையாக இருந்த தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த ஏணியில் ஏறுவாள். கீழே நின்று பிடித்துக்கொள்வது இவள் வேலை. "விட்டுடாதடி" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள். இவள் விட்டதில்லை. பிடித்த பிடியில் பெரியப்பா வீட்டு ஜன்னலைப் பார்த்து வாய் ஓயாமல் திட்டுவாள். பங்காளி என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உள்ளங்கையில் அந்த ஏணியின் சிராய் குத்தும்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருவோம். குழந்தைகள் வார்டு மேல்மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது. முன்பெல்லாம் கோடை என்றால் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டுச் சமாளித்துவிடுவார்கள். இப்போது வருகிற கோடை அப்படியில்லை. வருஷத்துக்கு வருஷம் முன்னதாக வருகிறது, போக மனமில்லாமல் உட்கார்ந்துகொள்கிறது. ஊரே ஃபேனும் ஏசியும் போடுவதால் மத்தியானமானால் கரண்ட் போய்விடும். சுவரைத் தொட்டால் கை சுடும். சின்னப் பிள்ளைகள் அழுது, அழுது, பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கும். அழாத பிள்ளையைப் பார்த்தால்தான் மிளகாய் ஓடுவாள்.

அந்த நேரத்தில்தான் ஐந்து அறக்கட்டளைகள் சேர்ந்து வந்தன. பருவநிலை மாற்றத்தைத் தனித்தனியாக எதிர்த்தால் ஆகாது, ஒன்றாகச் சேர்ந்து எதிர்ப்போம் என்று முடிவு செய்திருந்தார்களாம். நல்ல விஷயம். மிளகாயே மனம் விட்டுச் சந்தோஷப்பட்டாள். ஒரு அறக்கட்டளை மொட்டைமாடியில் சோலார் தகடு வைக்கும். இன்னொன்று பேட்டரி கொடுக்கும். மூன்றாவது ஃபேன். நான்காவது, வார்டில் எவ்வளவு சூடு என்று அளக்கிற கருவி. ஐந்தாவது விழிப்புணர்வு, அதாவது சுவரில் படம்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒருவர் வந்தார். வெயிலைப் பற்றிப் பேச வருகிறவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்ததால் முதல் நாளே அவருக்கு கோட்டுக்காரர் என்று பெயர் வைத்தாகிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. பார்க்கிற பிள்ளையையெல்லாம் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சுவார். ஆனால் எதைக் கேட்டாலும் "கூட்டத்துல பேசறேன்" என்பார்.

சாமான்கள் வந்தன. தகடு ஏறியது. மொட்டைமாடி அறையில் பேட்டரியை வைத்து, ஒப்படைக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று எழுதிப் பூட்டினார்கள். வார்டில் புது ஃபேன்கள் மாட்டினார்கள். பேட்டரிக்காரர்கள் தங்கள் வேலையை மாடி அறைக் கதவோடு நிறுத்திக்கொண்டார்கள். ஃபேன்காரர்கள் தங்கள் ஒயரை வார்டுக் கதவுக்கு மேலே கொண்டுவந்து, முனையை வெளியே நீட்டிவிட்டுப் போனார்கள். நடுவில் இருந்தது ஒரு படிக்கட்டு. அதில் இறங்கவேண்டிய ஒயரை யாரும் போடவில்லை.

மிளகாய் அந்தப் படியில் நின்று மேலேயும் கீழேயும் பார்த்தாள்.

"சார், இந்த ஒயர் யார் பங்கு?"

கோட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "அது இணைப்புல வருது சிஸ்டர். இணைப்பு அஞ்சு பேருக்கும் பொது. பொதுன்னா ஒருத்தர் தனியா போடமுடியாது. மத்தவங்க வருத்தப்படுவாங்க. கூட்டத்துல பேசறேன்."

"எங்க வீட்டு எலக்ட்ரீஷியன் இருக்கான். நாங்களே வாங்கிப் போட்டுக்கறோம், சாவியை மட்டும் குடுங்க."

"ஐயோ, வெளியாள் கை வெச்சா கேரண்டி போயிடும்."

எலக்ட்ரீஷியன் என்று அவள் சொன்னது தங்கச்சி புருஷனை. தங்கச்சிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. கோயில், டாக்டர், ஊர் வாய் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இந்தக் கோடையில்தான் ஒன்று பிறந்தது, அதுவும் மாதம் நிறைவதற்கு முன்னால். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. அதை அக்காவின் வார்டில், அக்காவின் கண் முன்னால் படுக்கவைத்திருந்தார்கள். குளிர் தாங்காது, சூடும் தாங்காது. மத்தியானத்தைக் கடத்திவிட்டால் அன்றைக்குப் பிழைத்தது என்று அர்த்தம்.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பிள்ளைக்கு ஒரு நாள் மத்தியானம் கடக்கவில்லை. காய்ச்சலோடு வந்த பிள்ளை. சாவுக்குக் காரணம் காய்ச்சல் என்றுதான் பெரிய டாக்டரும் எழுதினார், அவர் மேல் தப்பில்லை. அதன் அம்மா சுற்றாத புது ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அதே சாயங்காலம் கோட்டுக்காரர் போன் செய்தார். சூடு அளக்கிற கருவி அனுப்பும் விவரங்கள் அருமையாக வருகின்றன, அறக்கட்டளைக்கு ரொம்பத் திருப்தி என்றார். மிளகாய் போனை வைத்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுதது துக்கத்தில் இல்லை. ஆத்திரம்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் போய், கட்டில்களைக் கீழே இருக்கிற ஹாலுக்கு இறக்கலாம் என்றாள். ஹாலில் மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள், திறப்பு விழாவுக்கு.

"விழா முடியட்டும்மா" என்றார் பெரிய டாக்டர். "சாவி கைக்கு வந்ததும் எல்லாம் சரியாயிடும்."

"ஒயர்?"

அவர் மேஜை மேல் இருந்த விழா அழைப்பிதழை நேராக்கி வைத்தார்.

விழாவன்று ஹால் முகப்பில் பெரிய பேனர் கட்டினார்கள். ஐந்து சின்னங்கள், ஒன்றைவிட ஒன்று பெரிதாகிவிடாமல் அளந்து வைத்தவை. அவற்றுக்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'ஐந்து பங்காளிகள் ஒன்றிணைந்து வழங்கும் குளிர்ந்த காற்று'. பங்குதாரர் என்று போடவேண்டிய இடத்தில் யாரோ பங்காளி என்று போட்டுவிட்டார்கள். கோட்டுக்காரருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

மிளகாய் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் பயந்துபோனார். "இத்தனை நாள்ல இப்பதான் உண்மையை எழுதியிருக்காங்க" என்றாள்.

அவளைத் தட்டு பிடிக்கச் சொன்னார்கள். தட்டில் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல், பக்கத்தில் மாடி அறைச் சாவி. மேடையில் கொடுப்பதற்குக் கட்டில் நீளத்துக்கு ஒரு அட்டைச் சாவி செய்து தங்கக் காகிதம் ஒட்டியிருந்தார்கள், நிஜச் சாவி போட்டோவில் தெரியாதாம். முதல் பேச்சாளர், பூமி எல்லோருக்கும் ஒரே வீடு என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது.

பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது. மேடையின் இரண்டு பக்கமும் வாடகை ஏர் கூலர்கள் மறுபடி குளிர்ந்த காற்றை வீசின. கூட்டம் கை தட்டியது. மிளகாய் மேலே பார்த்தாள். ஹாலுக்கு நேர் மேலேதான் வார்டு. மேலேயிருந்து ஒரு பிள்ளையின் அழுகை கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது.

நின்றதும் அவள் சாவியை எடுத்துக்கொண்டு, தட்டைக் கோட்டுக்காரர் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

வார்டில் தங்கச்சி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் விழா அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தான். கெட்டியான, வழவழப்பான அட்டை. அந்த விழாவில் உருப்படியாகப் பயன்பட்டது அதுதான்.

"அக்கா, பால் குடிக்கமாட்டேங்குது" என்றாள் தங்கச்சி.

மிளகாய் பிள்ளையின் உச்சியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, கீழ ஏர் கூலருக்குப் போற ஒயர் போதுமா?"

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "தாராளமா போதும். ஆனா அக்கா, வேலை போயிடும்க்கா."

"யார் வேலை? உன் வேலையா?"

"இல்ல, உங்க வேலைதான்."

"அப்ப உனக்கென்ன? எந்திரி."

ஜெனரேட்டரிலிருந்து அந்த ஒயரைக் கழற்றி, மறு முனையைக் கூலரிலிருந்து உருவி, தோளில் சுற்றிக்கொண்டு அவன் பின்வாசல் வழியாக ஏறினான். மொட்டைமாடி அறையை மிளகாய் திறந்துவிட்டாள். அவன் ஒரு முனையைப் பேட்டரியோடு இணைத்துவிட்டு, ஒயரைப் படி வழியாக இறக்கிக்கொண்டே வந்தான். வார்டுக் கதவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த முனையில் சேர்க்க ஏணி வேண்டும். பெயின்ட் அடித்தவர்கள் விட்டுப்போன ஏணி ஒன்று கிடந்தது, ஒரு கால் குட்டை.

அவன் ஏறினான். ஏணி ஆடியது. மிளகாய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுடாதீங்கக்கா."

அவள் விடுகிறவளா? பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பெரியப்பாவில் தொடங்கி ஐந்து அறக்கட்டளைகள்வரை ஒருவரையும் விடாமல் திட்டினாள். கீழே மைக் வேறு ஒயரில் இருந்ததால் பேச்சு மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. நாம் அனைவரும் கைகோத்து, கைகோத்து என்று.

ஃபேன்கள் முனகின. பிறகு சுற்றின. துணிகளை நனைத்து ஜன்னலில் கட்டச் சொன்னாள். தங்கச்சி மறுபடி பிள்ளையை மார்பில் சேர்த்தாள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்புறம் வாய் அசைந்தது.

"குடிக்குதுக்கா."

அப்போதுதான் கோட்டுக்காரர் மூச்சு வாங்க வந்தார். கோட்டு முதுகில் ஒட்டியிருந்தது. பின்னாலேயே கேமராக்காரரும் வந்தார்.

"யாரைக் கேட்டு சிஸ்டர் ஒயரை எடுத்தீங்க? கீழ எல்லாரும் வேர்வையில உக்காந்திருக்காங்க!"

"உங்க பேனரைப் படிங்க சார். பங்காளின்னு போட்டிருக்கீங்க. பங்காளி வீட்டுல யாரும் யாரையும் கேக்கமாட்டாங்க. எடுத்துக்குவாங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். சுற்றுகிற ஃபேனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது, அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. "வேலை செய்யுதே!" என்றவர் கேமராவைக் கையசைத்துக் கூப்பிட்டார். "ஒரு போட்டோ எடுத்துடலாம். பத்துக் கட்டில்தானே சிஸ்டர்? பத்துக் குழந்தைங்க பயனடைஞ்சதா போட்டுக்கறேன்."

மிளகாய் இன்னும் ஏணியை விடவில்லை. "ஒம்பது" என்றாள்.

"கட்டில் பத்து இருக்கே?"

ஜன்னலோரக் கட்டிலில் சலவை விரிப்பு கசங்காமல் இருந்தது. அதற்கு நேர் மேலேயும் ஒரு ஃபேன் சுற்றியது.

"இருக்கு சார். ஃபேன் ஒருத்தர் பங்கு, பேட்டரி ஒருத்தர் பங்குன்னு பிரிச்சீங்களே, அந்தக் கட்டில்ல இருந்த பிள்ளை உங்க அஞ்சு பேர்ல யார் பங்குல வரும்? கூட்டத்துல பேசி சொல்லுங்க."

கேமராக்காரர் கேமராவைத் தாழ்த்திவிட்டார். கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, நான் இறங்கலாமா?" என்றான் மேலேயிருந்தவன்.

"இறங்கு, பிடிச்சிட்டிருக்கேன்" என்றாள்.