எட்டின் இடப்பக்கம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது ஐந்து. நாத்தனார் போன பிறகு அவள் பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேருக்கும் விரலைப் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். அந்த ஆறு பேரும் ஒன்றாகக் கூடி, எனக்கு நடக்கத் தெரியாது என்று முடிவு கட்டினார்கள்.

நடந்தது இதுதான். ராயபுரத்தில் எங்கள் வீடு தீப்பெட்டி அகலம். கீழே ஒரே அறை, அதை வலைக் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். நான் இருப்பது மாடியில். நேர்ப்படி வைக்க இடம் கிடையாது. அதனால் ஹார்பரில் வின்ச் ஓட்டிய என் வீட்டுக்காரர், பழைய கப்பலை உடைத்து விற்கும் கடையிலிருந்து சுருள் படிக்கட்டு ஒன்றை வாங்கி வந்து பொருத்தினார். நடுவில் ஒரு தூண், அதைச் சுற்றிச் சுற்றி இரும்புப் படிகள். ஆறு பிள்ளைகளும் அதில்தான் ஏறி இறங்கி வளர்ந்தன. ஒரு நாள் காசிமேட்டிலிருந்து சங்கரா மீன் வாங்கிக்கொண்டு ஏறினேன். பாதி வளைவில் உலகம் என்னை விட்டுவிட்டுத் தனியாகச் சுற்றியது. உட்கார்ந்த வாக்கிலேயே கீழே வந்து சேர்ந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த வலைக் கடைப் பையன்கள் முதலில் மீனைப் பொறுக்கினார்கள். பிறகுதான் என்னைத் தூக்கினார்கள். பூனை வருகிறதாம். என்ன சொல்ல?

எலும்பு முறியவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மண்டைக்குள் ஒன்றும் இல்லை என்றார். என் மூத்த மகன் அதைக் கேட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டு, வராண்டாவிலேயே வைத்துச் சொன்னான்.

"மா, போதும்மா. மணலி புதுநகருக்கு வந்துடு. நம்ம வூட்ல லிஃப்ட் கீது. மாடியையும் வாடகைக்கு வுட்டுடலாம்."

"லிஃப்ட்ல ஏறி எங்கடா போறது? உன் பொண்டாட்டி டிவி பாக்குற எடத்துக்கா?"

"அந்தச் சுருளு படில நீ இன்னொரு வாட்டி வுயுந்தா யாரு பாக்குறது?"

"மீனு பொறுக்கறதுக்கு ஆளு கீறாங்க. என்னியும் பொறுக்குவாங்க."

அவன் சிரிக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் போனில் அவன் பக்கம் நின்றார்கள். மருமகளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல பெண். ஆனால் இந்த மாடியில் என் அடுப்பு, என் ஜன்னல், ஆறு மணிக்குக் கோவில் மணி அடித்தால் நான் போடும் டீ. இதை விட்டுவிட்டு, கூடத்து மூலையில் ஒரு கட்டிலில் சாமான் போலக் கிடப்பதற்கா ஆறு பேரை வளர்த்தேன்? தவக்காலம் முடியட்டும் என்றேன். ஈஸ்டர் கழிந்த ஞாயிறு நீ வா. யார் கையையும் பிடிக்காமல் இந்தப் படியில் ஏறி இறங்கிக் காட்டுகிறேன். முடியாவிட்டால் கட்டிலை நானே பிரித்துத் தருகிறேன். அவன் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டவன் சும்மா போகாமல், காலேஜ் படிக்கும் தன் மகளை எனக்குக் காவலாக வைத்துவிட்டுப் போனான். காவல் என்ன காவல்? நான் இருமினாலும் அப்பனுக்குப் படம் பிடித்து அனுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒருத்தி இருந்தாள். சின்னப் பெண். என்னைச் சுற்றச் சொன்னாள். தலை சுற்றுகிறது என்று வந்தவளைப் பார்த்துச் சுற்று என்கிறாள்! கணுக்காலை வட்டமாகச் சுழற்ற வேண்டும். தோளைச் சுழற்ற வேண்டும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மாவு ஆட்டுகிற மாதிரி இடுப்பை ஆட்ட வேண்டும். காலையில் பூங்காவுக்குப் போய் எட்டு நடக்க வேண்டும்.

"படுத்துக்கினே இருந்தா போவாதா இது?" என்று கேட்டேன்.

"படுத்தீங்கன்னா ஒடம்பு மறந்துடும் பாட்டி. சுத்தினாத்தான் சுத்தல் போவும்."

எங்கள் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளிக் கார்ப்பரேஷன் பூங்கா. அங்கே சிமெண்டில் கூழாங்கல் பதித்து எட்டு மாதிரி ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். தினமும் விடிந்தால் அதில் கூட்டம். ஒருவர் போனில் மருமகனைத் திட்டிக்கொண்டே நடப்பார், திட்டு பலமானால் நின்றுவிடுவார், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் ரயில் பெட்டி மாதிரி முட்டிக்கொண்டு நிற்போம். வடக்கே பார்த்து ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு கட்சி, தெற்கே பார்த்து என்று ஒரு கட்சி. செருப்போடு நடந்தால் பலன் இல்லை என்று ஒருவர். கல் குத்தும், செருப்பில்லாமல் நடக்காதே என்று இன்னொருவர். நடக்க வந்தவர்களா, பஞ்சாயத்துப் பேச வந்தவர்களா?

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி ஒரு பெரியவர். லோக்கல் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எட்டு நடக்க மாட்டார். எட்டில் ஒரு வட்டம் வலமாகப் போனால் அடுத்த வட்டம் இடமாகத்தானே வரும்? அந்த இட வட்டத்துக்குள் அவர் கால் வைக்கவே மாட்டார். வல வட்டத்தை மட்டும் சுற்றிக்கொண்டு, நடுவில் பாதை பிரிகிற இடத்தில் குறுக்கே பாய்ந்து திரும்பிவிடுவார். நான் முதல் நாள் இடப்பக்கம் திரும்பப் போனேன். சத்தம் போட்டார்.

"எம்மா! அந்தப் பக்கம் போவாத. இடமா சுத்தறது சாவுக்கும்மா. கொள்ளி வைக்கிறவன் கொடத்தத் தூக்கினு சுத்தறது அப்டித்தான். உசுரோட கீறவங்க வலமாத்தான் வரணும்."

"நா வேதக்காரிங்க."

"வேதக்காரியா இருந்தா இன்னா? உங்க மாதா தேரு எந்தப் பக்கம் சுத்தி வருது?"

யோசித்துப் பார்த்தேன். எங்கள் தேரும் வலமாகத்தான் வருகிறது. அவருக்குப் பின்னால் பாதிப் பேர் அப்படித்தான் சுற்றினார்கள். நானும் அந்த வரிசையில் சேர்ந்து, வலமாகவே சுற்றினேன். எழுபத்து மூன்று வயதில் எதற்கு வீணாக எமனைக் கூப்பிட வேண்டும்?

சில வாரம் போயிற்று. கணுக்கால் இளகியது. காலையில் எழுந்ததும் பலகை மாதிரி இருக்கும் முதுகு, கொஞ்சம் முதுகு மாதிரி ஆனது. ஆனால் படிக்கட்டில் ஒரு கூத்து. இறங்கும்போது ராணி மாதிரி இறங்கினேன். ஏறும்போது அதே பாதி வளைவில் தலை சுற்றியது. பேத்தி பின்னால் தாங்கிக்கொண்டே வருவாள், படம் எடுத்துக்கொண்டே. கீழே வரத் தெரிகிறது, வீட்டுக்குப் போகத் தெரியவில்லை! கூழாங்கல் குத்திக் கால் புண்ணானதற்கு இதுவா பலன் என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. குருத்தோலை ஞாயிறும் வந்துவிட்டது. மகன் போன் செய்து, கட்டிலுக்கு அங்கே இடம் ஒழித்துவிட்டதாகச் சொன்னான். நான் போனைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தச் சின்னப் பெண்ணைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எப்படி நடக்கிறீர்கள், நடந்து காட்டுங்கள் என்றாள். தரையில் நடந்து காட்டினேன்.

"பாட்டி, இது எட்டு இல்ல. சைபர்."

"வலமாத்தான் சுத்தணும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"ரயில்வேகாரரு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். காதுக்குள்ளே, ரெண்டு பக்கமும், கொத்தனார் வைத்துப் பார்க்கும் ரசமட்டம் மாதிரி ஒன்று இருக்கிறதாம். தலை திரும்பும்போதெல்லாம் அதுதான் நம்மை நிமிர்த்திப் பிடிக்கிறதாம். எனக்கு அது தூங்கிப் போயிருக்கிறது. ஒரே பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் பழகும், மறுபக்கம் திரும்பினால் பழையபடி ஆட்டம் காணும். அவள் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் படி கண்ணில் வந்தது. இறங்கும்போது அது வலமாக வளைகிறது. ஏறும்போது இடமாக வளைகிறது. ஊர்ப் பேச்சைக் கேட்டு இத்தனை நாளும் நான் இறங்கத்தான் பழகியிருக்கிறேன்! அவள்மேல் போட்ட சத்தத்தை யார்மேல் திருப்பிப் போடுவது என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

அடுத்த காலையில் வலது வட்டம் முடிந்ததும் நேரே இடது வட்டத்துக்குள் போனேன். பெரியவர் பின்னாலிருந்து கத்தினார். நான் திரும்பவில்லை. சுற்றி முடித்து நடுவுக்கு வரும்போது அவர் வழக்கம்போலக் குறுக்கே பாய்ந்தார். ரெண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டோம்.

"சொல்லிகினே கீறேன், கேக்கமாட்டியா? எதுனா ஆச்சுன்னா என்னிய கேக்காத!"

"உன்னிய ஏன் நைனா கேக்கப் போறேன்? இத்தினி வருசம் ரயில்ல போனியே, தண்டவாளம் இடது பக்கம் வளைஞ்சா இன்னா பண்ணுவே? அபசகுனம்னு பேசின் பிரிட்ஜ்லயே எறங்கிடுவியா?"

போனில் திட்டுகிறவர்கூடத் திட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அவர் வலமாகத்தான் சுற்றினார். நடுவில் வரும்போது மட்டும் எனக்கு வழி விட்டார். அது போதும் எனக்கு.

இடது வட்டம் சுலபமாக இல்லை. முதலில் வாந்தி வருகிற மாதிரி இருந்தது. பேத்தி தோளில் ரெண்டு விரல் வைத்துக்கொண்டு நடந்தேன். பிறகு ஒரு விரல். பிறகு அவள் பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்க்க ஆரம்பித்தாள். நல்லதாயிற்று.

மனசுக்கு நல்லது என்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேர்ரோட்டில் நடந்தால் நான் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டே நடப்பேன். டோல்கேட்டிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் மகனை நாலு பக்கமும் மடக்கிக் கேள்வி கேட்டு முடித்திருப்பேன். எட்டில் அது முடிவதில்லை. நல்ல கேள்வியாக ஒன்று வாயில் வரும், அதற்குள் வளைவு வந்துவிடும். காலைப் பார்க்க வேண்டும், எதிரே வருகிறவரைப் பார்க்க வேண்டும், உடம்பைத் திருப்ப வேண்டும். திருப்பி முடித்தால் கேள்வி போயிருக்கும். இதில் எனக்கு ஒரே கடுப்பு. அவ்வளவு நல்ல கேள்விகள், எல்லாம் கூழாங்கல்லில் கொட்டிப் போயின. கோபம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். அதைத் தூக்கிக்கொண்டு எட்டு நடக்க முடியவில்லை, அவ்வளவுதான். ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது.

ஈஸ்டர் கழிந்த ஞாயிறு மகன் வந்தான். குட்டி யானை வண்டியோடு வந்தான். கட்டில் ஏற்றக் கயிறு வேறு. நான் ஏறுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் வந்திருக்கிறான். வலைக் கடைப் பையன்கள் வெளியே வந்து நின்றார்கள். முந்தானையைச் செருகிக்கொண்டு படியில் கால் வைத்தேன்.

கீழே அவன் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

"கைய எறக்குடா. நா இன்னா மாங்காயா, வுயுந்தா புடிக்க?"

பாதி வளைவு வந்தது. லேசாக ஆட்டம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கம்பியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த படியை மட்டும் பார்த்தேன். பூங்காவில் இடது வட்டத்தில் உடம்பை எப்படித் திருப்புவேனோ, அப்படி முதலில் கண், பிறகு தலை, பிறகு தோள், பிறகு கால். உலகம் நின்ற இடத்தில் நின்றது. மேலே போய்ச் சேர்ந்தேன். திரும்பி இறங்கினேன்.

"இன்னொரு வாட்டி ஏறும்மா," என்றான்.

"ஏன், வண்டிக்காரரு பாக்கலியா?"

ஏறினேன். இந்த முறை நிற்கவில்லை. அவன் சரிம்மா என்று சொல்வான் என்று காத்திருந்தேன். பெற்ற பிள்ளைக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. "மய காலம் வரிக்கும் பாப்போம்," என்றான். வண்டிக்கு வாடகை கொடுத்தாயிற்றே என்று, துருப்பிடித்த பீரோ ஒன்றை ஏற்றிக்கொண்டு போனான். கட்டில் இருந்த இடத்தில் இருக்கிறது. அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கோபம் எனக்கு அதில் இல்லை. நேற்று சின்ன மகள் போன் செய்து, "அண்ணந்தான் உன்ன பார்க்குக்கு அனுப்பி நடக்க வெச்சாராமே," என்கிறாள்! எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். அதற்குத்தான் நான் சொல்லச் சொல்ல பேத்தியை எழுதச் சொன்னேன். எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் தெரியும். இவ்வளவு நீளம் வராது. மற்ற அஞ்சு பேருக்கும் அனுப்பப் போகிறேன்.

"முடிஞ்சுதா ஆயா?" என்கிறாள்.

"முடிஞ்சுது. எங்க, மொதல்லருந்து படி கேப்போம். உங்கப்பன் கைய நீட்டிகினு நின்னானே, அந்த எடத்துல மட்டும் மெதுவா படி."