என்னிடம் ஒன்றும் இல்லை, உஸ்தாத்

நான் படித்த பள்ளியின் ஹெட்மிஸ்ட்ரஸ், பத்தாம் வகுப்புப் பெண்களுக்காக ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார். "ராணுவத்துல நீ கத்துக்கிட்ட நல்ல விஷயம் மூணு எழுதும்மா. புள்ளைங்களுக்குத் தைரியம் வரணும்" என்றார். யூனிட்டில் அனுமதி கேட்டேன். எழுதலாம், இப்போது வேலை செய்யும் இடம், யூனிட், ஆள் பெயர் எதுவும் வரக்கூடாது என்றார்கள். அதனால் இதில் வரும் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மூன்று விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒன்றுதான் வந்தது. அதிலும் பாதி எனக்கே இன்னும் புரியவில்லை.

1. முதல் நாள்

நான் பெங்களூர் ஒக்கலிபுரத்துப் பெண். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஓர் அபார்ட்மென்டில் ஹவுஸ்கீப்பிங். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. மிலிட்டரி போலீஸுக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று போனில் பார்த்து, நானே ஃபாரம் போட்டு, மைதானத்தில் ஓடி, பரீட்சை எழுதித் தேர்வானேன். எந்தக் கோச்சிங்கும் போகவில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பயிற்சி மையம் பெங்களூரிலேயே இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடலாம். ஆனால் கேட்டுக்குள் நுழைந்ததும் வேறு நாடு. எல்லாம் ஹிந்தி. எனக்கு ஹிந்தி வரும் என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஷபானாவிடம் சின்ன வயதிலிருந்து பேசிப் பழகியது. அது எங்கள் தெரு உருது என்று அப்போது தெரியாது. பயிற்சி கொடுப்பவரை அங்கே உஸ்தாத் என்று கூப்பிட வேண்டும். முதல் நாள் மதியம் எங்கள் உஸ்தாத், சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "ஹவ் உஸ்தாத், தும் காயே?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறாய் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியவில்லை.

"அவர 'நீ துன்னியா'ன்னு கேட்டுக்கினு சிரிக்க வேற செய்யறியா?" என்று பக்கத்துக் கட்டில் பெண் காதில் சொன்னாள். அவள்தான் ஸ்டெல்லா. கே.ஜி.எஃப். பெண். அவள் அப்பா தினமும் விடிகாலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவர்.

ஸ்டெல்லாவை எனக்கு 'படி'யாகப் போட்டார்கள். ஆங்கில 'buddy'தான் அங்கே படி. ராணுவத்தில் இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். அவளை எழுப்புவது, அவள் பெல்ட் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது, அவளுக்குக் காய்ச்சல் வந்தால் தட்டு கொண்டுவருவது என் பொறுப்பு. எனக்கு அதையெல்லாம் செய்வது அவள் பொறுப்பு.

ஹிந்திக்கு நான் கண்டுபிடித்த வழி மனப்பாடம். பள்ளியில் அப்படித்தான் முதல் மார்க் வாங்கினேன். ரைஃபிளின் பாகங்கள், கட்டளைகள், பதில்கள் எல்லாவற்றையும் தமிழில் எழுதிவைத்து உருப்போட்டேன். ஸ்குவாடில் முதலில் ஒப்பிப்பவள் நான்தான். "இன்னாடி டேப் ரெக்கார்டர், இன்னிக்கு எந்தக் கேசட்டு?" என்பாள் ஸ்டெல்லா.

2. ரேஞ்ச்

ஆறாவது வாரத்தில், ரேஞ்ச் எனும் சுடும் மைதானத்தில், முதல் ஃபயரிங். நாற்பது பெண்கள், ஆளுக்கு ஐந்து ரவுண்டு, அதாவது ஐந்து தோட்டா.

சுட்டு முடித்த பிறகு வெளியே விழும் பித்தளைக் கூட்டுக்குக் கோகா என்று பெயர். அதைப் பொறுக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இருநூறு ரவுண்டு போனால் இருநூறு கோகா வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாரும் ரேஞ்சை விட்டு நகர முடியாது. சுட்ட பின் ஒவ்வொருவரும் உஸ்தாத் முன்னால் விறைப்பாக நின்று டிக்ளரேஷன் கொடுக்க வேண்டும். 'என்னிடம் சுடாத ரவுண்டோ காலிக் கோகாவோ இல்லை, உஸ்தாத்' என்று ஹிந்தியில். அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனால் காலையில் பள்ளியில் கை நீட்டிச் சொல்வோமே ஓர் உறுதிமொழி, அதைப் போலத்தான் அதை நினைத்தேன். சத்தமாகச் சொல்ல வேண்டும், தடுமாறக் கூடாது, அவ்வளவுதான்.

மேகஸினில் ரவுண்டு நிரப்பிக்கொண்டிருந்தபோது விசில் ஊதிவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். நானும் ஓடினேன். படுத்தேன். சுட்டேன். அந்தச் சத்தத்தில் எத்தனை சுட்டேன் என்று எண்ண முடியவில்லை. டிரிக்கரை அழுத்தினேன், 'டக்' என்றது, முடிந்தது என்று நினைத்தேன். என் டார்கெட்டில் நான்கு ஓட்டை. "ஏக் வாஷ் அவுட்" என்றார் உஸ்தாத். ஒரு குண்டு டார்கெட்டைத் தொடாமல் போய்விட்டது என்று அர்த்தம். முதல் தடவைக்கு நான்கு பட்டதே என்று எனக்குச் சந்தோஷம். டிக்ளரேஷனைத் தடுமாறாமல் சொன்னேன்.

கோகா எண்ணினார்கள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

3. தேடல்

நாற்பது பேரும் வரிசையாக முட்டி போட்டு, தோளோடு தோள் உரச, புல்லை விரலால் கோதிக்கொண்டே முன்னால் நகர்ந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டீ கேன் வந்து மரத்தடியில் நின்றது. கிடைக்கிற வரைக்கும் யாருக்கும் டீ இல்லை என்றார்கள்.

"காயலான் கடையில போட்டா ஒரு மிட்டாய் கூடக் குடுக்க மாட்டான். இதுக்கு இந்தப் பாடு" என்று ஸ்டெல்லா முணுமுணுத்தாள்.

என் விரலில் முள் ஏறியது. கைக்குட்டைக்காக இடுப்புப் பவுச்சில் கையை விட்டேன். மடிப்பில் கெட்டியாக ஒன்று தட்டியது. எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. விசில் ஊதிய அவசரத்தில் ஐந்தாவது ரவுண்டைப் பவுச்சில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

அப்போதும் எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர்கள் தேடுவது காலிக் கோகா. என்னிடம் இருப்பது சுடாத ரவுண்டு. இது வேறு, அது வேறு என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகுதான் கணக்கு மண்டையில் ஏறியது. நான் சுட்டதே நான்கு. அந்த ஐந்தாவது கோகா இந்த உலகத்திலேயே கிடையாது. நாற்பது பேர் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொய் டிக்ளரேஷன் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் தெருவில் எனக்கு மாலை போட்டு அனுப்பியிருந்தார்கள். அப்பா மார்க்கெட்டில் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்திருந்தார். ரவுண்டைப் புல்லில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். கோகா தேடும் இடத்தில் ரவுண்டு கிடைத்தால் இன்னும் பெரிய விஷயமாகும். மண்ணில் புதைக்கலாமா என்றும் யோசித்தேன். எதுவும் செய்யாமல் மற்றவர்களைப் போலவே புல்லைக் கோதிக்கொண்டு நகர்ந்தேன். இல்லாததைத் தேடுவது போல நடித்தேன். இருபது நிமிடம் இருக்கும்.

அதற்குள் ஒவ்வொரு டார்கெட்டுக்கும் கோகா பொறுக்கிப் போட்ட டின்னைத் தனித்தனியாக எண்ணிப் பார்த்திருந்தார்கள். ஆறாவது, ஏழாவது டார்கெட்டின் டின் இரண்டையும் சேர்த்தால்தான் ஒன்று குறைகிறது. ஆறு நான். ஏழு ஸ்டெல்லா. எங்கள் ரைஃபிள் கோகாவை வலது பக்கம் துப்பும். அதனால் என்னுடைய கோகாக்களும் ஸ்டெல்லா பக்கம்தான் விழுந்திருக்கும். போதாததற்கு, தம்பிக்குக் கீசெயின் செய்ய ஒரு கோகா கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அவள் முந்தின நாள் விளையாட்டாகச் சொன்னதை யாரோ ஒரு பெண் போய்ச் சொல்லிவிட்டாள்.

ஸ்டெல்லாவைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். பாக்கெட்டுகளை வெளியே இழுத்துக் காட்டினாள். தொப்பியைக் கழற்றினாள். ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி, தலைகீழாகத் தட்டிக் காட்டினாள். நான் அதையும் பார்த்துக்கொண்டு முட்டி போட்டிருந்தேன்.

பிறகு உஸ்தாத், எல்லாரும் வரிசையில் நின்று இன்னொரு முறை டிக்ளரேஷன் கொடுக்க வேண்டும் என்றார். ஒவ்வொருவராகச் சொல்லி நகர்ந்தார்கள். எனக்கு முன்னால் ஐந்து பேர், மூன்று பேர், ஒருவர். என் முறை வந்தது. "மேரே பாஸ்" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. எல்.கே.ஜி. காலத்திலிருந்து ஒப்பிப்பதில் ஒரு முறைகூட நின்றதில்லை. அன்று நின்றுவிட்டது.

உஸ்தாத் காத்திருந்தார்.

"இருக்கு உஸ்தாத்" என்றேன். தமிழில்தான் வந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. கையை அசைக்காதே என்றார். என் பவுச்சில் அவரே கையை விட்டு ரவுண்டை எடுத்து, திருப்பிப் பார்த்து, எண்ணுகிறவரிடம் குரல் கொடுத்தார். எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று அவர் பதில் குரல் கொடுத்தார். அடுத்து உஸ்தாத் சொன்னது, எல்லாருக்கும் டீ கொடுங்கள் என்பதுதான். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஆறும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

4. மேடம் முன்னால்

மறுநாள் தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல் என்னைக் கம்பெனி கமாண்டர் முன்னால் மார்ச் செய்து கொண்டுபோனார்கள். அவர் ஒரு மேஜர் மேடம். ஃபைலைப் பார்த்துக்கொண்டே ஹிந்தியில் கேட்டார்.

"சொல்றதுக்கு முன்னாடி பவுச்சைப் பாத்தியா?"

"இல்ல மேடம்."

"பாக்காம எப்படிச் சொன்ன?"

"எல்லாரும் சொன்னாங்க மேடம்."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எதையோ எழுதினார். பதினான்கு நாள் முதுகில் சுமையோடு பரேட், அந்த மாதம் வெளியே போக அவுட்பாஸ் கிடையாது. அவ்வளவுதான். வீட்டுக்கு அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று யாரும் சொல்லவில்லை. நானே ஒத்துக்கொண்டதாலா, புதுப் பெண் என்பதாலா, இன்று வரை தெரியாது. ரவுண்டு எப்போது கைக்குத் தட்டுப்பட்டது என்றும் யாரும் கேட்கவில்லை. நான் சொன்னபோதுதான் கண்டுபிடித்தேன் என்று நினைத்துவிட்டார்கள் போல. நானும் திருத்தவில்லை. பிழைத்துவிட்டேன் என்ற நினைப்பில் அந்தச் சுமை கனக்கவே இல்லை.

5. துணி துவைக்கும் கல்

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை மதியம். நானும் ஸ்டெல்லாவும் அடுத்தடுத்த கல்லில் யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணு கேட்டா சொல்லுவியா?" என்றாள்.

"கேளு."

"எப்போ தெரியும் உனக்கு?"

சொன்னபோதுதான் தெரியும் என்று சொல்லிவிடலாம். மேஜர் மேடமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். என்னை மறுத்துப் பேச ஒரு சாட்சி கிடையாது.

"உன்னக் கூப்புடறதுக்கு முன்னாடியே" என்றேன்.

அவள் சட்டைக் காலரைத் தேய்த்து முடித்தாள். அலசிப் பிழிந்தாள்.

"ஷூவக் கழட்டச் சொன்னாங்களே, அப்ப நீ பாத்துக்கினுதான இருந்த?"

"ஆமா."

"சாக்ஸுல ரெண்டு ஓட்ட. பெருவிரல் வெளிய வந்துச்சு. அத்தனை பேரும் பாத்தாங்க." வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. விடிகாலையில் கட்டிலைத் தட்டி எழுப்பினாள். பெல்ட்டைச் சரிசெய்தாள். பரேட் முடிந்து என் தோளில் வார் அழுத்திப் புண்ணானபோது மருந்து வாங்கி வைத்தாள். படி செய்ய வேண்டிய ஒன்றையும் அவள் விடவில்லை. பேச்சு மட்டும் இல்லை. கோபமா, வெறுப்பா, கடமையா என்று ஒன்றும் விளங்காமல் நான் அலைந்தேன். மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள். அது சரி என்றா, போதும் என்றா, அதுவும் தெரியவில்லை.

பெண்களே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் பாடம் இதுதான். நன்றாகப் படியுங்கள், மனப்பாடம் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் 'இல்லை' என்றோ 'இருக்கிறது' என்றோ உங்கள் வாயால் ஒருவரிடம் சொல்வதற்கு முன்னால் கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள். இதைப் புரிந்துகொண்டேன். இன்று லான்ஸ் நாயக் பதவியில் இருக்கிறேன், புதுப் பெண்களின் டிக்ளரேஷனை நானே வாங்குகிறேன். ஒவ்வொருத்தியையும் முதலில் பவுச்சைத் திறக்கச் சொல்கிறேன்.

புரியாத பாதி அந்த இருபது நிமிடம். என் தப்பு எனக்குத் தெரிந்த பின்னாலும் நான் வாய் மூடியிருந்தேன். அந்த நேரத்துக்கான விலையை ஸ்டெல்லா கொடுத்தாள். அதற்கு ராணுவம் எனக்கு எந்தத் தண்டனையும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அது முடிந்துபோயிருக்கும் என்று சில நேரம் தோன்றுகிறது.

அடுத்த ஃபயரிங் அந்தப் பன்னிரண்டாவது நாள் நடந்தது. சுட்டு முடித்தோம். டிக்ளரேஷனுக்கு முன்னால் படிகள் ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும் என்று உஸ்தாத் புதிதாக உத்தரவு போட்டிருந்தார். ஸ்டெல்லா என் முன்னால் வந்து நின்றாள். என் பவுச்சுகள் ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே வரும்படி இழுத்துப் பார்த்தாள். பாக்கெட்டுகளைப் பார்த்தாள். சட்டைக் கையை மடித்துப் பார்த்தாள். மறுபடியும் முதல் பவுச்சிலிருந்து தொடங்கினாள். பக்கத்தில் எல்லாரும் முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். நான் அசையாமல் நின்றேன்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். "போ, சொல்லு."