கண்ணை மட்டும் விட்டுடு சார்

என் மகளை ஃபுட்பால் கிளப்பில் சேர்த்த அன்று கோச்சிடம் நான் சொன்னது இதுதான்: "கண்ண மட்டும் வுட்டுடு சார், மிச்சத்த உரிச்சி எடுத்துடு." சுற்றி நின்ற அப்பா அம்மாக்கள் சிரித்தார்கள். அவர்களும் அதையே சொல்லித்தான் தங்கள் பெண்களைச் சேர்த்திருந்தார்கள். திருவொற்றியூர் பக்கம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டாலும் மெக்கானிக் ஷெட்டில் விட்டாலும் வாயில் வருகிற வார்த்தை அது. என் அப்பா எனக்காகச் சொன்னார், நானும் நன்றாக உரிபட்டேன். ஏதோ மரியாதைக்குச் சொல்வது, யார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளப்போகிறார்கள் என்று நினைத்தேன். பதினொரு வயது மகள் பக்கத்தில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் அது விழுந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இரண்டு வருடம் ஓடியது. மகள் இடதுகால்காரி. பந்தோடு ஓரமாக அவள் ஓடினால் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிடும். மாவட்ட அணித் தேர்வுக்கு அவள் பேர் போயிற்று. கோச் கொஞ்சம் கண்டிப்பு என்றார்கள். கண்டிப்பு இல்லாமல் கப்பு வருமா என்று நானே நியாயம் பேசினேன்.

போன கத்திரி வெயிலில்தான் ஒன்றைக் கவனித்தேன். பயிற்சி முடிந்து வந்தால் முட்டிவரை இழுத்துவிட்ட சாக்ஸை அவள் கழற்றுவதே இல்லை.

"இன்னாமே, வூட்லயும் மேட்சு கீதா?" என்று கிண்டல் செய்தேன்.

"கொசு கடிக்குதுப்பா" என்றாள். எங்கள் பக்கத்துக் கொசுவை அறிந்தவர்கள் அதற்குமேல் கேட்கமாட்டார்கள். நானும் கேட்கவில்லை.

எனக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. உள்ளே வருகிற பெட்டியைச் சுற்றி வந்து எங்கே ஒடுக்கு, எங்கே கீறல், அது பழசா புதுசா என்று எழுதவேண்டும். பழைய கீறல் துருப்பிடித்திருக்கும், புதுசு பளபளக்கும். பதினெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. ஒரு ஞாயிறு மதியம் மகள் குப்புறப்படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு சாக்ஸ் சுருண்டு கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. பின்னங்காலில் கோடுகள். எல்லாம் ஒரே பருமன். சில நீலம், சில மஞ்சள், ஒன்று மட்டும் சிவப்பு. விழுந்து எழுந்தால் முட்டியில் சிராய்க்கும், முழங்கையில் சிராய்க்கும். ஆடுசதையில் வரிவரியாக எப்படி விழும்? ஊர்ப் பெட்டிக்கெல்லாம் ஒடுக்கு பார்த்து எழுதுகிற எனக்கு வீட்டுக்குள் கண் அவிந்துபோயிருக்கிறது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கோச் வீட்டுக்குக் கிளம்பினேன். அவள் வாசலை மறித்தாள். துணிக் கம்பெனியில் இருபது பெண்களை மேய்ப்பவள், வீட்டில் என்னையும் சேர்த்து.

"எங்கய்யா போற? நீ போய் அவன அடிச்சிட்டு ஸ்டேஷன்ல குந்திக்குவ. அப்பறம் பொண்ணு எதையாவது நம்மகிட்ட சொல்லுமா? மொதல்ல அத கேளு."

மகள் எழுந்ததும் கேட்டோம். அவள் பயந்தாள். பயந்தது என்னைப் பார்த்து.

"ஸ்கிப்பிங் கயித்தால அடிப்பாரு. பாஸ் தப்பாப் போச்சுன்னா சாமான் ரூமுக்கு இஸ்துனு போய் கதவ சாத்திடுவாரு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீதானப்பா உரிக்கச் சொன்ன? அவரும் அத்தயேதான் சொல்வாரு, உங்கப்பனே சொல்லிட்டுப் போனான்னு. வூட்ல சொன்னா டீம்லருந்து தூக்கிடுவேன்னாரு. நீயும் ஃபுட்பாலுக்கே போவ வேணாம்னுடுவ."

மனைவி கண்ணைக் காட்டியதும் வெளியே தண்ணீர் ட்ரம் பக்கம் போய் நின்றேன். அடுத்த கேள்வியை அவள் கேட்டாள். கதவடைத்த அறையில் வேறு ஏதாவது உண்டா என்ற கேள்வி. "அதெல்லாம் இல்லம்மா" என்று மகள் சொன்னது காதில் விழுந்ததும் அப்பாடா என்று ட்ரம்மைப் பிடித்துக்கொண்டேன். அடி மட்டும்தான் என்று நிம்மதிப்பட்டேன். அந்த 'மட்டும்தான்' நினைவுக்கு வரும்போதெல்லாம் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் பேசினோம். மாலை பயிற்சி முடிகிற நேரம் கிளப் செயலாளரையும் அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன், வெளியே இருந்தால் சும்மா இருக்காது.

கோச் பதறவில்லை. "இன்னா சார், நீதான உரிக்கச் சொன்ன?"

"சொன்னேன். சொன்னது தப்பு. இத்தினி பேரு முன்னால வாபஸ் வாங்கிக்கிறேன். இனிமே எம் பொண்ணு மேல கை வெக்கக் கூடாது."

அணித் தேர்வு நேரத்தில் கெடுக்கிறான் பார் என்று மற்றவர்கள் என்னைத்தான் ஏசுவார்கள் என்று நினைத்தேன். எண்ணூரிலிருந்து மகளைக் கூட்டிவருகிற படகுக்காரர் ஒருவர் எழுந்தார். தன் பெண் முன்னால் மண்ணில் மண்டியிட்டார்.

"சாக்ஸ எறக்குமா."

அந்தப் பெண் கோச்சைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். மெதுவாக இறக்கினாள். பக்கத்தில் நின்றவள் யாரும் கேட்காமலே இறக்கினாள். அதற்கடுத்தவளும். வெயில் படாத கால்களில் எல்லாம் அதே கோடுகள். செயலாளர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கோச் அன்றே நீக்கப்பட்டார், வழக்கு நடக்கிறது. கிளப் ஒரு மாதம் மூடிக்கிடந்தது. தினமும் மகள் "ஃபுட்பால் போச்சா?" என்று கேட்பாள். எங்களிடம் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று அவள் நினைத்துவிடுவாளோ என்று பயந்தேன். கடைசியில் மைதானம் திறந்தது. சாமான் அறைக் கதவைக் கழற்றியே எடுத்துவிட்டார்கள். மாதம் ஒருமுறை வெளியிலிருந்து ஒரு பெண் வந்து, கோச் இல்லாத இடத்தில் பிள்ளைகளிடம் பேசுகிறார். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

புது கோச் ஒரு இளம்பெண். முதல்நாள் மகளைக் கொண்டுபோய் விட்டபோது, "இவளப் பத்தி எதுனா சொல்லணுமா சார்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "எங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு மேடம். எதுனான்னா நானே சொல்லிக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அவள் சாக்ஸைக் கணுக்காலுக்குச் சுருட்டி விட்டுக்கொண்டு ஓடினாள். நான் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன்.