மிஸ்ஸி கேட்ட பக்கம்

மருந்து எடுத்துவரும் எஃகுத் தட்டு ஒன்றில் ஒன்பது கைப்பேசிகள் இருந்தன. ஒன்றின் கண்ணாடி குறுக்காக வெடித்திருந்தது. ஒன்றைப் பிரிந்துவிடாதபடி ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒன்றின் முதுகில் பத்துமலை முருகன் ஒட்டுப்படம். எது யாருடையது என்று மாறிப்போகாமலிருக்க, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதியிருந்தது. அந்தத் தட்டை என் மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மிஸ்ஸி சொன்னார்: "உன் கம்ப்யூட்டர்ல அழகா இருக்கு மா. ஆனா என் ஆளுங்க யார்கிட்டயும் அந்தக் கம்ப்யூட்டர் இல்லையே. இதுல காட்டு."

மருத்துவமனைத் தாதியரை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்று கூப்பிடுவது வழக்கம். இவர் அரசாங்க மருத்துவமனையில் முப்பது வருடத்துக்குமேல் தாதியாக இருந்து, ஓய்வு பெற்றபின் கிள்ளானில் ஓர் அறநிறுவனம் நடத்தும் டயாலிசிஸ் மையத்துக்குப் பொறுப்பாளராக வந்தவர். குள்ளமான உருவம், வேகமான நடை. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் அங்கே வந்து படுத்து, இயந்திரத்தின் வழியாகத் தங்கள் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் தேங்கி மூச்சு முட்டும். இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்பதை மிஸ்ஸி என்னிடம் வாயால் சொன்னதில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

நான் அப்போது பிரிக்பீல்ட்ஸில், மோனோரெயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சேலைக்கடையின் மாடியில், இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து வலைத்தளங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மிஸ்ஸியின் மையத்துக்கும் ஒரு பக்கம் செய்து, அதைக் காட்டத்தான் அன்று போயிருந்தேன். வேலை தெரியும் என்ற இறுமாப்பு எனக்கு நிறையவே இருந்தது. ஒரே பக்கம், பெரிய கணினியானாலும் கைப்பேசியானாலும், திரையின் அகலத்தைத் தானே அளந்து அதற்கேற்பத் தன்னை அடுக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் அதை ரெஸ்பான்சிவ் என்போம். அந்தச் சொல்லை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் திட்டக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதிவிடுவேன். சோதனை என்று நான் செய்ததெல்லாம், என்னுடைய பெரிய திரையில் சன்னலை மவுஸால் இழுத்துச் சுருக்கி, படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குவதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டதுதான்.

அன்று மையத்தின் தலைவரும் வந்திருந்தார். டத்தோ என்ற அரசுப் பட்டம் பெற்றவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டத்தோ. நல்ல மனிதர், கைக்காசு போட்டு மையத்தை நடத்துபவர். பக்கத்தைத் திறந்ததும் அவர் மாலையோடு நிற்கும் படங்கள் ஐந்து, ஒன்றன்பின் ஒன்றாக நழுவி வரும்படி செய்திருந்தேன். அது அவருடைய ஆசை. மடிக்கணினியில் பார்த்துவிட்டு, "கிளாஸ் லா" என்று மெச்சினார்.

தட்டிலிருந்த முதல் கைப்பேசியில் அந்தப் படங்கள் இறங்கவே ஒரு நிமிடத்துக்குமேல் ஆனது. இரண்டாவதில் பட்டியல் பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது. மூன்றாவதில் எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, டயாலிசிஸ் நேரம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பூச்சிக்கூட்டம்போலத் தெரிந்தது. அது, எல்லோரும் லோரி அங்கிள் என்று கூப்பிடும் நோயாளியுடையது. லோரி ஓட்டியே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். சர்க்கரை நோயில் பார்வை மங்கிவிட்டதால், கைப்பேசியின் எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி வைத்திருந்தார். நான் எழுத்தின் அளவை ஒரு பெட்டிக்குள் அடைத்திருந்தேன். அவருடைய கண்ணுக்கேற்ற எழுத்து அந்தப் பெட்டிக்குள் நிற்கவில்லை.

கைப்பேசியோடு அவர் கட்டிலருகே போனேன். இயந்திரத்தோடு பிணைத்த கையை அசைக்காமல், தலையை மட்டும் என் பக்கம் திருப்பி அவர் சொன்னார்: "போனுதான் மா பழசு. மக குடுத்தது. நீங்க நல்லாத்தான் செஞ்சிருப்பீங்க."

என் வேலையைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ குறை சொல்லியிருக்கிறார்கள். எதுவும் அந்த மன்னிப்பைப்போல என்னைத் தைத்ததில்லை. தவறு என்னுடையது. அதை அவர் தன் கைப்பேசியின்மேல் போட்டுக்கொண்டார். சுற்றிப் பார்த்தேன். அந்தக் கூடத்திலிருந்த எல்லோருமே ஒரு கையில் ஊசியோடு படுத்திருந்தார்கள். கைப்பேசி வைத்திருந்தவர்கள் மற்ற கையில், கட்டைவிரலால் மட்டும் அதை இயக்கிக்கொண்டிருந்தார்கள். என் பொத்தான்கள் எல்லாம் திரையின் உச்சியில், எந்தக் கட்டைவிரலும் எட்டாத இடத்தில் இருந்தன.

மிஸ்ஸி என்னைத் திட்டவில்லை. ஒரு கட்டிலின் விசையை அழுத்தித் தலைப்பக்கத்தை மெல்ல உயர்த்தியபடியே, "ஆளுக்கு ஏத்த மாதிரி கட்டிலத்தான் ஏத்தி இறக்குறோம். கட்டிலுக்கு ஏத்த மாதிரி ஆள வெட்டுறோமா?" என்றார். பிறகு டத்தோவிடம் திரும்பி, "படத்தக் கீழ போட்டுக்கலாம் டத்தோ. மொதல்ல அவங்க டைம் தெரியட்டும்" என்றார். டத்தோவின் முகம் சுருங்கியது. ஆனால் மிஸ்ஸியிடம் அவர் எதையும் மறுத்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பக்கத்தை மூன்று முறை திருப்பிக் கட்டினேன். சிறிய திரையிலிருந்து தொடங்கி, அதிலிருந்து பெரிய திரைக்கு விரிந்துபோகும்படி அமைத்தேன். படங்களைக் குறைத்து எடையை இறக்கினேன். எழுத்து எவ்வளவு பெரிதானாலும் வரி தானாக மடிந்து அடுத்த வரிக்கு வந்தது. அழுத்த வேண்டியவை எல்லாம் கட்டைவிரல் எட்டும் அடிப்பகுதிக்கு வந்தன. ஒவ்வொரு முறையும் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கொமியூட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன், ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டு வந்தது. கடைசியில் மிஸ்ஸி இன்னொன்றும் கேட்டார். நேர அட்டவணையைத் தன் கைப்பேசியிலிருந்தே தான் மாற்ற வேண்டும் என்றார். அதெல்லாம் கணினியில் செய்வதுதான் வசதி என்றேன். "நான் ஆபீஸ்ல உக்கார்ற ஆளா? நின்னுகிட்டே மாத்தணும்" என்றார். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்து கொடுத்தேன்.

பக்கம் வெளிவந்த சில மாதங்களில் மையத்தில் தொலைபேசி அடிப்பது பாதியாகக் குறைந்துவிட்டது என்று அங்குள்ள தாதிகள் சொன்னார்கள். நேரம் கேட்டு அழைப்பவர்கள் இப்போது பக்கத்திலேயே பார்த்துக்கொண்டார்கள். பேருந்தில் போகும்போதே நன்கொடை அனுப்புகிறவர்களும், சனிக்கிழமை உதவிக்கு வருகிறேன் என்று பெயர் பதிகிறவர்களும் கூடினார்கள். டத்தோவுக்குச் சந்தோஷம். நானும் அத்தோடு அந்த வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவருடக் கடைசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. சனிக்கிழமை மதியம் மையத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது, மிஸ்ஸி அன்றைய நோயாளிகளை அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார். இயந்திரங்கள் மூழ்கின. திங்களும் செவ்வாயும் வர வேண்டியவர்கள், சிலர் நிவாரண மையமாகிவிட்ட பள்ளிக்கூடங்களிலும், சிலர் அண்டை வீட்டு மாடிகளிலும், சிலர் எங்கே என்றே தெரியாமலும் சிதறியிருந்தார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு வெள்ளமில்லை. ஞாயிறு காலை, வீட்டில் என் பெரிய திரையில் மையத்தின் பக்கத்தைத் திறந்தேன். ஏதோ பதற்றத்தில் திறந்ததுதான், எதையும் எதிர்பார்க்கவில்லை. மேலே சிவப்பில் ஒரு வரி: "நம் மையம் மூடியுள்ளது. பயப்படாதீர்கள். உங்களுக்கு இடம் தேடுகிறோம்." அதே வரி மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதன்கீழே ஒரு பட்டியல். பெயர்கள் இல்லை. நோயாளிகளின் அட்டை எண்கள் மட்டும். அவற்றில் நான்கைந்துக்கு எதிரே வேறொரு மையத்தின் இடமும் நாளும் நேரமும் இருந்தன. மற்றவற்றுக்கு எதிரே "தேடுகிறோம்" என்றிருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு "தேடுகிறோம்" மறைந்து, "பெட்டாலிங் ஜெயா, திங்கள், காலை 11" என்று வந்தது.

மிஸ்ஸியை அழைத்தேன். ஒரே மணியில் எடுத்தார். "இப்ப பேச முடியாது மா, சார்ஜ் போயிரும். எங்க வீட்டு மாடிப்படியிலதான் நிக்கிறேன். கீழ இடுப்பளவு தண்ணி. வெச்சிரவா?" வைத்துவிட்டார்.

நின்றுகொண்டேதான் மாற்றினார். ஒவ்வொரு மையமாக அழைத்து, இரவு முறையில் ஒரு கட்டில், விடியலில் ஒரு கட்டில் என்று கேட்டு வாங்கி, வாங்கிய கணமே பக்கத்தில் ஏற்றினார். நோயாளிகளை அழைத்தால் பாதிப்பேருக்கு இணைப்பே போகவில்லை. வாட்ஸ்அப் குழுவில் அணை உடைந்துவிட்டது, முதலை வந்துவிட்டது என்ற வதந்திகளுக்கிடையில் எந்தச் செய்தியும் நிற்கவில்லை. அந்தப் பக்கம் மட்டும், கைப்பேசிக் கோபுரத்தின் கடைசிக் கீற்று அலைவரிசையிலும் திறந்தது. டத்தோவின் ஐந்து படங்களும் உச்சியில் இருந்திருந்தால் திறந்திருக்காது. நான் அன்று முழுக்க நாற்காலியை விட்டு எழவில்லை. செய்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. நான் கட்டியதுதான் அது. ஆனால் அப்படி ஒன்றை நான் கட்டியிருக்கிறேன் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எங்கோ ஒரு மாடிப்படியில் ஒரு பெண் விரலால் தொட, இருண்ட வீடுகளிலும் பள்ளிக்கூடத் தரைகளிலும் எத்தனையோ திரைகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடமும் நேரமும் வந்து நின்றது. கோயிலில் திரை விலகும்போது உடம்பில் ஓடுமே, அது ஓடியது எனக்கு. மாலையில் "தேடுகிறோம்" என்ற சொல் பக்கத்தில் எங்கும் இல்லை.

லோரி அங்கிள் பக்கத்து வீட்டு மாடியில் ஒதுங்கியிருந்தார். விரல் அகல எழுத்தில் தன் எண்ணையும் "செவ்வாய், காலை 7" என்பதையும் தானே படித்தார். திங்கள் மாலை தீயணைப்புப் படகு அவரை மேட்டுச் சாலையில் இறக்கிவிட, அங்கிருந்து யாரோ ஒருவருடைய லோரியிலேயே பெட்டாலிங் ஜெயாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அடையாள அட்டை, மருந்துச் சீட்டு எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. அந்த மையத்தின் முகப்பில் கைப்பேசியை மட்டும் நீட்டினாராம். அங்கிருந்த தாதி தன் பெரிய கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறார். அதிலும் அதே பக்கம், அதே எண். "வாங்க அங்கிள், உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாராம். இதை அவரே என்னிடம் சொன்னபோது, சிரிக்கவும் அழவும் ஒரே நேரத்தில் முயன்றார்.

ஒரே ஒரு அம்மாள் மட்டும் ஒரு நாள் தாமதமாகி, மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குப் போனார். பிழைத்துக்கொண்டார். ஆனாலும் மிஸ்ஸி எல்லோரையும் விட்டுவிட்டு அந்த ஒருவரைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர் வடிந்தபின் நடந்த கூட்டத்தில், வெள்ளத்தில் செய்த சேவையைப் பற்றிப் பக்கத்தின் உச்சியில் படங்கள் போடலாம் என்று டத்தோ ஆசையாகச் சொன்னார். "போடுங்க டத்தோ. கீழ போடுங்க" என்றார் மிஸ்ஸி. டத்தோதான் முதலில் சிரித்தார்.

மிஸ்ஸி இப்போது பினாங்கில் மகனோடு இருக்கிறார். மையத்துக்கு வேறொருவர் பொறுப்பு. என் நிறுவனமும் கொஞ்சம் வளர்ந்து, வங்கிக்கும் பள்ளிக்கும் கடைக்கும் பக்கங்கள் செய்கிறோம். பெரிய கூட்ட அறைகளில் பெரிய திரைகளில் அவற்றைக் காட்டுகிறோம், கைதட்டுகிறார்கள்.

சென்ற மாதம் வேறொரு வேலையாகக் கிள்ளானுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு மலாய்ப் பெண்ணும், வெளுத்துப் போன முகத்தோடு அவளுடைய அப்பாவும். அவர் பயந்திருந்தார். டயாலிசிஸுக்குப் புதிதாகச் சேரப்போகிறவர் என்று அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. அவள் ஒரு கையால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் கைப்பேசியைத் தள்ளி, அவருக்கு மலாயில் மெதுவாகப் படித்துக் காட்டினாள். எந்த வாசல் வழியாக வருவது, எவ்வளவு நேரம் ஆகும், போர்வை கொண்டுவரலாமா. சாய்வாக எனக்குத் தெரிந்த திரையில், மையத்துக்கு நான் கட்டிய பக்கத்தின் நிறங்களை அடையாளம் கண்டுகொண்டேன். அந்தப் பக்கத்தில் என் பெயர் இல்லை. மிஸ்ஸியின் பெயரும் எங்கும் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அந்த அப்பாவின் தோள்கள் தளர்ந்து இறங்கின. கடைசியில், "தொலைக்காட்சி இருக்கிறதாமா?" என்று அவர் கேட்டார். அவள் விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்துவிட்டு, "இருக்கிறது அப்பா" என்றாள்.