காரணம் சொல்லாத படங்கள்

மதியம் ஒரு மணியானால் ஈவாஞ்சலின் டிபன் பாக்ஸைத் திறப்பாள், செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைப்பாள், ஒரு காதில் மட்டும் ஹெட்செட் மாட்டுவாள். இன்னொரு காது மேனேஜருக்கு. திரையில் ஒருவன் தன் படுக்கையறைக்குள் நடந்துகொண்டே இருப்பான். தரையெல்லாம் கடல் தண்ணீர். அவன் மனைவிக்கு முகம் மாறிக்கொண்டே வரும். ஏன் என்று படம் சொல்லாது. நெத்திலிக் குழம்பைப் பிசைந்தபடி பார்ப்பாள். கை மயிர் குத்திட்டு நிற்கும். சோறு அதுபாட்டுக்கு இறங்கும்.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. எந்த கன்டெய்னர் எந்த ஊரில் முடங்கிக் கிடக்கிறது என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். புருஷன் ஜெனோ எங்கே என்றுதான் தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன் மாலத்தீவுக்கு அவன் வெங்காயம் ஏற்றிப் போன தோணி கரை சேரவில்லை. ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துப்போனாள்.

பக்கத்து மேஜை சண்முகப்ரியா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. பார்ப்பதுதான் பார்க்கிறாய், பேய் எதற்காக வந்தது என்று கடைசியிலாவது சொல்கிற படமாகப் பார்க்கக் கூடாதா என்று ஆற்றாமைப்பட்டாள்.

“அதுலல்லாம் செத்தவந்தான் பேயா வாரான் ப்ரியா. இதுல செத்தானா இருக்கானான்னே யாரும் கேக்க மாட்டாங்க. பயமாத்தான் இருக்கு. ஆனா அங்கன போனாத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியுது.”

கல்லறைத் திருநாளுக்கு முன் மாதா கோயிலில் ஒரு தாள் கொடுப்பார்கள். வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். ஐந்து வருஷமும் மாமனார் பெயரை மட்டும் எழுதினாள். மாமியாரும் வாயைத் திறக்கவில்லை. இந்த வருஷம் வீங்கிய காலை நீவிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

“ஏளா, நான் கண்ண மூடுததுக்குள்ள எம்புள்ளைக்கு ஒரு பூசை கேட்டுட்டுப் போயிருதேன்.”

எழுதினால் தன் கையாலேயே அவனைச் சாகடிப்பதாகும். எழுதாவிட்டால் இந்தக் கிழவியின் மனசு ஆறாது. நான்கு நாள் தாளைக் கைப்பையிலேயே சுமந்தாள். ஐந்தாம் நாள் ஆபீஸில் வைத்து எழுதினாள். இறந்த தேதிக் கட்டத்தை அப்படியே விட்டாள். அன்று மதியம் படம் ஓடவில்லை. மேஜையில் தலை சாய்த்துக் கிடந்தாள்.

திருநாள் காலைப் பூசையில் சாமியார் பட்டியலை வாசித்தார். மாமனார் பெயர் வந்தது. அடுத்து, ஜெனோ என்றார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜனமெல்லாம் பீடத்தைப் பார்த்து நிற்க, ஈவாஞ்சலின் மட்டும் சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தாள்.