பால்மா டின்னில் வந்த பாலைவனம்

நறநற. நல்ல மணலின் குரல் அது. என் கணவர் ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே வைத்துக் கசக்கிப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தத்தைக் கேட்டு, மனிதருக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அவர் போனபிறகு, பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்ந்த நான்தான் கொட்டகலையில் அவர் விட்டுப்போன சீமெந்துக் கல் களத்தை நடத்துகிறேன். இந்தத் தொழிலில் பாதி நேரம் கல் செய்கிறோம். மீதி நேரம் மணல் லொறி வருகிறதா என்று ரோட்டைப் பார்க்கிறோம். வீடு கட்டிக் களைத்த வாசகர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

லொறி வராத மாதம்

சரோஜா தேயிலைக் கொழுந்து பறிப்பவள். பிறந்ததிலிருந்து தோட்டத் தொழிலாளர் லயத்து ஒற்றை அறையில் இருந்தவளுக்கு, வீடு கட்ட மேட்டில் ஏழு பேர்ச் காணி கிடைத்தது. புருஷன் ராசு வளைகுடா நாட்டில், கொங்கிரீட் கலக்கும் கம்பனியில் வேலை. லீவில் வரப்போகிறவர் லீவு முடிந்து திரும்புவதற்குள் கூரை ஏறிவிட்டால் இங்கேயே தங்கிவிடலாம். ஏறாவிட்டால் மிச்ச வீட்டுக்குப் பணம் சேர்க்க இன்னொரு தரம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டியதுதான். என் களத்துக் கல்லில் சுவர் இடுப்பளவு வந்திருந்தது. அப்போது பார்த்து ஆற்று மணல் நின்றது. முதலில் வெள்ளம், பிறகு மணல் அள்ளப் பெர்மிட் இல்லை. லொறிக்காரர் தலையை மட்டும் வெளியே நீட்டி, "வெலி நே, நோனா" என்று சிங்களத்தில் மணல் இல்லையெனக் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்.

வட்டவளைப் பக்கம் கல்குவாரியில் உடைத்த கல்லின் தூள் குவிந்து கிடக்கிறது, மணலுக்குப் பதில் அதைப் போடலாம் என்றேன். என் மேசன் அந்தோணியும் தலையாட்டினார். சரோஜா இடுப்பில் கை வைத்தாள். "தேத்தூள்ல தேத்தண்ணி ஊத்தலாம் டீச்சரம்மா. கல்லுத்தூள்ல வீடு கட்டிட்டு, மழை வந்தா யாரு வந்து செவுத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது?"

மணலுக்கு நடுவே

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஃபோனில் ராசுவைக் கூப்பிட்டு, என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ராசுவின் முதுகுக்குப் பின்னால் வானம் தொடும்வரை மணல். வெயிலில் அது அலையலையாகக் கிடந்த அழகில் நான் சொல்ல வந்ததையே மறந்துபோனேன். "இவ்வளவையும் காற்றுக்குக் கொடுத்துவிட்டு எங்களை ஏன் தவிக்க விடுகிறது இந்த உலகம்?" என்று பெருமூச்சு விட்டேன்.

ராசு விழுந்து விழுந்து சிரித்தார். காற்று உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய மணலாம், ஒன்றையொன்று பிடிக்காதாம். உடைத்த கல்லின் தூளைச் சேர்த்தால்தான் அவர்கள் கம்பனியிலும் அது கொங்கிரீட்டுக்கு உதவுமாம். "மணலுக்கு நடுவுல நின்னுக்கிட்டு நாங்களும் லொறியத்தாங்க பாத்துக்கிட்டு இருக்கோம், டீச்சரம்மா. கல்லுத்தூளு மொனையா இருக்கும், நல்லாப் புடிக்கும். தைரியமா போடச் சொல்லுங்க அவள."

பீலிக்கடியில் பரீட்சை

புருஷன் சொன்னால் நம்பிவிடுவாளா? நாங்கள் செய்து, நனைத்து, காயவைத்த முதல் கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். லயத்து ஜனங்கள் குளிக்கும் பீலிக்கு நேர் கீழே, தண்ணீர் இரவும் பகலும் விழுகிற இடத்தில் வைத்தாள். பெண்கள் அதன்மேல் சவுக்காரம் போட்டுத் துணியை அடித்துத் துவைத்தார்கள். வேலை விட்டு வந்த ஆண்கள் காலைத் தேய்த்தார்கள். கடைசியில் இருக்கும் தொங்கல் லயத்திலிருந்தும் ஆட்கள் வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்களாம்.

எங்கள் மானம் அங்கே நனைந்துகொண்டிருந்தது. அந்தோணி வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். ஒரு வாரம் கழித்து அதே கல் அதே தலையில் திரும்பி வந்தது. "சவுக்காரம்தான் கரைஞ்சிச்சு, கல்லு கரையல. ஏத்துங்க லொறியில!"

விமான நிலையத்தில் முகர்ந்த டின்

ராசு வந்து இறங்கினார். பெட்டியிலிருந்து பெரிய பால்மா டின்னை எடுத்ததும் அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்த்தது. உள்ளே பாலைவன மணல். நான் பெருமூச்சு விட்டேனே என்று எனக்காகக் கொண்டுவந்தாராம். விமான நிலையத்தில் ஒரு அதிகாரி அதை முகர்ந்து பார்த்துத் தும்மினாராம். சரோஜா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஒரு கைப்பிடியைக் காதருகே கசக்கினேன். சத்தமே இல்லை. விரலிடுக்கில் வழிந்து போனது. காலையில் ஒருவருக்கு மட்டும் தேநீர் ஊற்றும்போது என் வீட்டில் இருக்கும் அமைதி அதில் இருந்தது. அந்தோணிக்கு இந்த யோசனையெல்லாம் இல்லை. சின்ன அச்சொன்றில் அந்த மணலையும் சீமெந்தையும் மட்டும் போட்டு அடித்தார். அச்சைத் தூக்கியதும் கல் அப்படியே சரிந்து உட்கார்ந்தது. மீதி மணலோடு நம் ஊர்க் கல்தூளைச் சேர்த்து அடித்ததும் நின்றுவிட்டது. சரோஜா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ராசுவை. "இதுவும் ஒங்களாட்டந்தான். தனியா விட்டா நிக்காது."

அந்தச் சின்னக் கல்லை வாசற்படியில் பதித்தார்கள். லீவு முடிவதற்குள் தகரம் ஏறியது, பாலும் பொங்கியது. மணல் இல்லாமலும் வீடு நிற்கும் என்று எனக்கு விளங்க இவ்வளவு வயதும், ஒரு பீலியும், ஒரு பால்மா டின்னும் தேவைப்பட்டன. ராசு திரும்பிப் போகவில்லை; இப்போது என் களத்தில்தான் கல் அடிக்கிறார்.