தேய்க்காமத் தப்பிச்ச நாலு பல்லு

சாமல்பட்டி பக்கம் எங்க ஊர்ல போர் தண்ணி குடிச்சு வளர்ந்த பாதிப் பேருக்குப் பல்லுல வெள்ளைத் திட்டு இருக்கும். எனக்கு முன்பல்லு நாலுல. சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி. ஓசூருக்கு வேலைக்கு வந்த புதுசுல, "நீ பல்லே விளக்க மாட்டியா?"ன்னு கேண்டீன்ல ஒருத்தி கேட்டுட்டா. விளக்கறேன்டி! உப்பு போட்டு, கரி போட்டு, ஈறுல ரத்தம் வர்ற வரைக்கும் விளக்கறேன். போனாத்தானே?

போன வருஷம் எங்க அக்கா என்னை ஒரு பல் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. அவர் பார்த்துட்டு, "நாலையும் சுத்தித் தேய்ச்சுட்டு கேப் மாட்டிரலாம், பளிச்னு ஆயிடும்"னார். தேய்ச்சா எவ்வளவு மிஞ்சும்னு கேட்டேன். மேஜை மேல இருந்த பொம்மைப் பல்லைக் காட்டினார். மெலிசா ஒரு முளை, அவ்வளவுதான். நான் கம்பெனியில கிரைண்டிங் லைன்ல இருக்கேன். அளவுக்கு மேல தேய்ஞ்ச பீஸ் நேரா ஸ்கிராப்புக்குத்தான் போகும், தேய்ச்சதை எந்த மகராசனும் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு நாள்கூட வலிக்காத பல்லு சாமி இது, அதைப் போய்த் தேய்க்கறதா!

அக்காவுக்கு வந்துச்சே கோபம். "அப்போ காலம் பூரா வாயைப் பொத்திக்கிட்டே சிரி"ன்னா. அதுவும் நெசந்தான், சிரிச்சா என் கை தானா வாய்க்குப் போயிரும். கடைசியில நானும் மனசைக் கல்லாக்கிக்கிட்டு, சரி தேய்ச்சுருங்கன்னு தேதி வாங்கிட்டேன்.

தேதி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கல. எதுக்கும் இன்னொருத்தரைக் கேட்டுருவோம்னு, ஷிப்ட் முடிஞ்சு ஜூஜுவாடியில பஸ்ஸை விட்டு இறங்கினதும் எதிர்ல இருந்த சின்ன கிளினிக்குல நுழைஞ்சேன். அங்க இருந்த டாக்டரம்மா கன்னடக்காரங்க, தமிழை இழுத்து இழுத்துப் பேசுவாங்க. விளக்கடிச்சுப் பார்த்துட்டு, "தேய்க்க வேணாம்மா"ன்னாங்க.

"இது அழுக்கில்ல. பல்லு மேல்பூச்சுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அதான் வெள்ளையாத் தெரியுது. அதுக்குள்ள தண்ணியா ஒரு பிசினை ஊற விட்டா, பல்லோட பல்லா ஆயிடும். ஊசி கிடையாது. ஆனா முழுசாப் போயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆழமா இருந்தா கொஞ்சம் நிக்கும்."

சத்தியம் பண்ண மாட்டேன்னாங்க பாருங்க, அதுலயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

அக்கா கூட்டிட்டுப் போன டாக்டர்கிட்ட வாங்கின தேதியை விட்டுட்டு, அடுத்த ஞாயித்துக்கிழமை இந்த அம்மாகிட்டயே போய் உக்காந்தேன். பல்லு மட்டும் வெளிய தெரியற மாதிரி வாயில ஒரு ரப்பர் ஷீட்டை மாட்டி, ஏதோ ஜெல்லைத் தடவி, கழுவி, காத்தடிச்சுக் காய வெச்சாங்க. கண்ணாடியில பார்த்தா, ஐயையோ, திட்டு முன்னைவிட வெள்ளையா நிக்குது! "காஞ்சா அப்படித்தான் தெரியும், இருங்க. இந்தச் சொட்டுக்கு மங்கினா பிசினுக்கும் மங்கும்"ன்னு ஸ்பிரிட் மாதிரி ஒண்ணைச் சொட்டு விட்டாங்க. நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே மூணு பல்லுல திட்டு மங்கிப் போச்சு. நாலாவது பல்லுல மட்டும் திட்டு அசையவே இல்ல, சனியன்.

அவ்வளவுதான், இனி தேய்க்கற மிஷினை எடுப்பாங்கன்னு நெனச்சேன். ரப்பர் மாட்டியிருந்ததால பேச முடியல, வேணாம் வேணாம்னு கையை ஆட்டினேன். டாக்டரம்மா புரிஞ்சுக்கிட்டாங்க. "மிஷினைத் தொடவே மாட்டேன், பயப்படாதீங்க"ன்னு சொல்லி அந்த ஒரு பல்லுக்கு மட்டும் திரும்ப ஜெல், திரும்பக் கழுவல், திரும்பச் சொட்டு. இந்தத் தடவை மங்குச்சு. அப்பாடா! பிசினை ஊற விட்டு, நீல வெளிச்சம் காட்டி முடிச்சாங்க.

ரப்பரை எடுத்ததும் கண்ணாடியைக் குடுத்தாங்க. தேடிப் பார்த்தா ஒரு ஓரத்துல லேசா ஒரு நிழல் தெரியுது. அது கிடக்கட்டும். நாக்கால நாலையும் தடவிப் பார்த்தேன். அதே பல்லு, அதே கோணல், அதே ஓரம். எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. டாக்டரம்மா பதறிட்டாங்க, அந்தப் பதட்டத்துல தமிழே மறந்து போச்சு அவங்களுக்கு. "நோவு ஆய்த்தா?"ன்னாங்க.

"வலி இல்லீங்க"ன்னேன். "நாலும் என்னுதாவே இருக்கு."